ஆனையும் குழியானையும்: பஷீரின் குறுநாவலில் பிள்ளைமொழியும் மொழிபெயர்ப்பும்

வைக்கம் முகம்மது பஷீர் (1908–1994) 1951ஆம் ஆண்டு வெளியிட்ட குறுநாவலின் தலைப்பு, ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் ஒற்றைச் சொல்லைப் போன்றது: 'ன்றுப்புப்பாக்கொரானேண்டார்ன்னு'. பிரித்து எழுதினால் 'என்றெ', 'உப்புப்பாக்கு', 'ஒரு', 'ஆன', 'உண்டாயிருந்நு' என ஐந்து சொற்கள் கிடைக்கின்றன. 'என் தாத்தாவுக்கு ஓர் ஆனை இருந்தது' என்பது பொருள். முதற்சொல்லின் தொடக்க உயிர் கெட்டுள்ளது. ஏனைய சொற்களின் எல்லைகள் புணர்ச்சியில் கரைந்துள்ளன. முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுப்பேச்சு, எழுத்துமொழிக்காகத் திருத்தப்படாமல் அப்படியே நூலின் முகப்பில் ஏறியிருக்கிறது.

நாவலின் நிகழ்காலத்தில் அந்த ஆனை இல்லை. குஞ்ஞுப்பாத்தும்மா என்னும் சிறுமிக்கு அது தாய் குஞ்ஞுத்தாச்சும்மாவின் வாய்வழி வந்த செல்வம். பெரிய கொம்பனானை என்று தாய் சொல்கிறாள். மகள் கேட்டு வளர்கிறாள். வழக்கில் வீடும் நிலமும் போகின்றன, பொன் போகிறது. மிதியடிக் கட்டையின் ஓசையோடு நடமாடிய தாய்க்கு எஞ்சுவது அந்த ஒரு வாக்கியம் மட்டுமே. பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் படித்த குடும்பத்தின் மகள் ஆயிஷா, குஞ்ஞுப்பாத்தும்மாவுக்கு எழுத்துக் கற்பிக்கிறாள்; அவளுடைய அண்ணன் நிஸார் அகமது குஞ்ஞுப்பாத்தும்மாவை மணக்கிறான். கதையின் முடிவில், தாய் பெருமையோடு சொல்லிவந்த ஆனையைப் பற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள்: அது குழியானை.

இம்முடிவை வெற்றுக் குடிப்பெருமையின் மீதான எள்ளலாகக் கொள்வதே பெருவழக்கு. அது பிழையன்று. ஆனைக்கும் குழியானைக்கும் இடையிலுள்ள உருவ வேறுபாடு நகைப்பை எழுப்பவே செய்கிறது. ஆனால் அவ்வளவோடு நின்றுவிடும் வாசிப்பு, அச்சொல்லைச் சொன்னவர்கள் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுகிறது. குழியானை பெரியவர்களுக்குத்தான் இழிவான ஒப்பீடு. பிள்ளைகளுக்கு அது கையில் எடுத்துப் பார்த்த உயிர். முற்றத்து மணலில் ஊதியும் புல்நுனியால் தொட்டும் வெளியே வரவழைத்த உயிர். உள்ளங்கையில் வைத்தால் பின்னோக்கி நகர்ந்து கூசச்செய்யும் உயிர். பாட்டியின் காலத்துக் கொம்பனைக் கண்டிராத பிள்ளைகள், தாம் அறிந்த ஆனையின் பெயரால் அதைப் புரிந்துகொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் செய்யும் தொழிலும் இதுவேயாகும். இக்கோணத்தில் நின்று நோக்கும்போது, நாவலின் இறுதிச் சொல்லை வேற்று மொழிக்குக் கொண்டுசெல்வதில் உள்ள இடர்ப்பாடுகள் வேறு வகையில் தென்படுகின்றன.

இவ்விடர்ப்பாடுகளை எடைபோடுவதற்குத் திருவனந்தபுரம் பொருத்தமான இடம். பஷீர் பிறந்த தலையோலப்பறம்பு வைக்கத்தை அடுத்தது. எனினும் திருவனந்தபுரத்து மத்தியச் சிறையில் அடைபட்டிருந்த காலத்தில்தான் அவர் 'பிரேமலேகனம்' என்ற குறுநாவலை எழுதினார். பிற்காலத்து 'மதிலுகள்' நாவலின் களமும் அச்சிறையே. மொழியாய்வு நோக்கில் இந்நகரத்தின் சிறப்பு வேறு. கேரளப் பல்கலைக்கழகத்தின் மலையாளப் பேரகராதியின் முதல் தொகுதி 1965இல் இங்கிருந்து வெளிவந்தது. வ. அய். சுப்பிரமணியம் முன்னின்று நடத்திய மலையாளக் கிளைமொழி அளவாய்வின் ஈழவ–தீயத் தொகுதியும் 1974இல் இங்கேயே வெளியிடப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த கடைகளில் ஒலிக்கும் சாலைக் கடைத்தெரு இங்கு இருக்கிறது. அத்தெருவின் மாந்தரைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொணர்ந்த ஆ. மாதவனே, பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலை 'இனி நான் உறங்கட்டும்' எனத் தமிழாக்கியவர். இரு மொழிகளும் அறிந்த இத்தகைய வாசகருக்கு மொழிபெயர்ப்பு தேவையற்றது. மூலத்தில் உள்ள எது தமிழில் காணாமற்போகிறது என்பதை உடனே உணரக்கூடியவரும் அவரே.

உண்டும் ஆணும்

தலைப்பு வாக்கியத்தின் தொடரமைப்பை முதலில் நோக்கலாம். திராவிட மொழிகளில் உடைமையைக் குறிக்க, 'உடைத்திரு' என்ற பொருளுடைய தனி வினை பொதுவாகப் பயன்படுவதில்லை. உடையவர் நான்காம் வேற்றுமை ஏற்பர். உடைமைப்பொருள் எழுவாயாக நிற்கும். வினை இருப்பைச் சுட்டும். 'தாத்தாவுக்கு ஆனை இருந்தது' என்னும்போது எழுவாய் ஆனையே, தாத்தா அன்று. ஆங்கிலத்தில் இது தலைகீழாகிறது. தாத்தா எழுவாயாகிறார், ஆனை அவருடைய கைப்பிடிக்குள் அடங்கிய செயப்படுபொருளாகிறது.

இவ்வேறுபாட்டை இலக்கண நுட்பம் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. நாவலின் மோதல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தாயின் செவியில் அவ்வாக்கியம் உடைமை வாக்கியம்: அழுத்தம் 'உப்புப்பாக்கு' என்னும் சொல்லில் விழுகிறது. பிள்ளைகளின் செவியில் அது இருப்பு வாக்கியம்: அழுத்தம் 'ஆன' என்னும் சொல்லில் விழுகிறது. யாரிடம் இருந்தது என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. இருந்தது எது என்பதே கேள்வி. மலையாளத் தொடரமைப்பு இவ்விரு வாசிப்புகளுக்கும் இடம் தருகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மலையாளம் இருப்பைக் குறிக்க 'உண்டு' என்பதையும், 'இன்னது இதுவே' என்னும் ஒற்றுமையைக் குறிக்க 'ஆணு' என்பதையும் வேறுபடுத்தி ஆளும் மொழி. இறந்த காலத்தில் முன்னது 'உண்டாயிருந்நு' எனவும் பின்னது 'ஆயிருந்நு' எனவும் வரும். தாயின் கூற்று முதல் வகை. அது குழியானை என்னும் பிள்ளைகளின் மறுமொழி இரண்டாம் வகை. வடிவ அளவில் நோக்கின், தாயின் வினையிலிருந்து 'உண்டு' என்னும் முற்பகுதியைக் களைந்தால் எஞ்சுவது பிள்ளைகளின் வினை. ஓர் ஆனை உண்டாயிருந்தது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அது என்னவாயிருந்தது என்று கூறுகிறார்கள். மறுப்பைக் காட்டும் 'இல்ல' என்ற சொல் அங்கு வேண்டப்படவே இல்லை. இதை மறுப்பாகவே கொண்டு மொழிபெயர்ப்பது மூலத்தினின்று விலகுவதாகும்.

தமிழில் இவ்வெதிர்நிலையை அப்படியே நிறுத்துவது கடினம். தமிழிலும் 'உண்டு' உள்ளது. ஆனால் அது காலம் காட்டும் ஈறு ஏற்பதில்லை. அதன் இறந்தகால வடிவமாக 'உண்டாயிருந்தது' என்று எழுதினால் பொருள் முற்றிலும் வேறாகிவிடும். தமிழ் வழக்கில் 'உண்டாயிருக்கிறாள்' என்றால் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். மலையாளத் தொடரை எழுத்தெழுத்தாகத் தமிழுக்குப் பெயர்ப்பவர் தாத்தாவின் கொம்பனைச் சினையாக்கிவிடக்கூடும்! ஆகவே தமிழ் 'இருந்தது' என்பதையே நாடவேண்டியுள்ளது. பிள்ளைகளின் மறுமொழியில் வினையே வேண்டா. 'அது குழியானை' என்று பெயர்ப்பயனிலையோடு நிறுத்தினால் போதும். இவ்விடத்தில் 'குழியானையாக இருந்தது' என்று எழுதும் தமிழ், மூலத்திற்கு நெருங்குவதுபோலத் தோன்றினும் பிள்ளையின் பேச்சாகாது. வினையின்றி நிற்கும் வாக்கியமே தமிழ்ப் பிள்ளையின் தீர்ப்பு.

தமிழ் வினைமுற்று திணை காட்டுவதும் கருதத்தக்கது. மலையாள வினை பால், எண், இடம் எதனையும் காட்டாது. 'உண்டாயிருந்நு' என்பது ஆனைக்கும் ஆளுக்கும் ஒன்றே. குருவாயூர்க் கேசவன் போன்ற ஆனைகள் ஆட்பெயர் தாங்கி, ஊராரால் 'அவன்' எனச் சுட்டப்படும் நாட்டில், தாயின் வாக்கியம் அந்த ஆனையை எத்திணையில் வைக்கிறது என்பது திறந்தே கிடக்கிறது. தமிழோ 'இருந்தது' என்று அஃறிணை முத்திரை குத்தியே தீரவேண்டும். 'இருந்தான்' என்றால் ஆனை மறைந்து ஆள் தோன்றிவிடுவான். இங்கு இழப்பு தவிர்க்கமுடியாதது. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இதில் ஏதுமில்லை.

யாருடைய உப்புப்பா

தாய் மகளிடம் சொல்லும்போது அது 'நின்றெ உப்புப்பா'. தலைப்பிலோ 'என்றெ உப்புப்பா'. முன்னிலை தன்மையாக மாறியுள்ளது. தாயின் வாக்கியத்தை மகள் தன் வாக்கியமாக்கிக்கொண்ட பின்னர் வரும் குரலே தலைப்பு. ஒரு பிள்ளை தான் கண்டிராத விலங்கை இடப்பெயர் மாற்றம் ஒன்றினாலேயே தன் வளர்ப்பு விலங்காக்கிக்கொள்கிறது. இம்மாற்றத்தைக் கவனியாத வாசகர் தலைப்பைத் தாயின் கூற்றாகக் கொண்டுவிடுகிறார்.

குளச்சல் மு. யூசுஃபின் தமிழாக்கம் தலைப்பில் 'எங்க உப்பப்பா' என்று ஆள்கிறது. 'என்' என்பதை 'எங்க' ஆக்கியது பிழையாகத் தோன்றலாம். உண்மையில் அது செம்மையான தேர்வு. தமிழ்ப் பிள்ளை 'எங்க அப்பா', 'எங்க வீடு' என்றே பேசும். உறவுப்பெயரோடு வரும் தன்மை ஒருமை அதன் வாயில் அரிது. அன்றியும் 'எங்கள்' என்பது கேட்பவரை விலக்கும் பன்மை. 'நம்' என்பது உளப்படுத்தும் பன்மை. 'எங்க உப்பப்பாவுக்கு' என்னும்போதே, கேட்கின்ற உனக்கு அத்தகைய தாத்தா இல்லை என்னும் பெருமிதம் இலக்கணத்துக்குள் புகுந்துவிடுகிறது. மலையாள ஒருமையில் இல்லாத கூர்மை இது. மூலத்தில் உள்ளதை இழக்கும் மொழிபெயர்ப்பு மூலத்தில் இல்லாத ஒன்றைப் பெறுவதும் உண்டு என்பதற்கு இது தக்க சான்று.

'ஆனை' என்ற வடிவத்தை விடாமல் வைத்துக்கொண்டதும் பாராட்டுக்குரியது. யகர முதலொலி நெடில் ஆகாரத்தின் முன் கெடுவது தமிழில் பழைய மாற்றம்: யாறு ஆறாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாடு ஆடாயிற்று. யானையும் பேச்சில் ஆனையாயிற்று. ஆயினும் எழுத்துத் தமிழ் ஆட்டுக்கும் ஆமைக்கும் காட்டாத மரியாதையை யானைக்குக் காட்டி, அதன் யகரத்தை இன்றுவரை காத்துவருகிறது. 'யானை' என்று எழுதும்போது அம்பாரியும் நெற்றிப்பட்டமும் உடன் வந்துவிடுகின்றன. அது மட்டுமன்று: 'யானை' என எழுதும் தமிழ், இறுதியில் 'குழியானை' என்னும் சொல்லின் பின்பாதி அதே விலங்குதான் என்பதைப் புணர்ச்சியில் மறைத்துவிடும். குழி + ஆனை எனவும் குழி + யானை எனவும் அச்சொல் பிரிக்கப்படலாம். தலைப்பில் 'ஆனை' என்று பழகிய செவிக்கே கடைசிச் சொல்லில் அந்த ஆனை மீண்டும் வந்து நிற்பது தட்டுப்படும்.

பூச்சியின் பெயர்கள்

குழியானை என்பது இறகு முளைத்துப் பறக்கப்போகும் ஒரு பூச்சியின் இளம்பருவம். தளர்ந்த உலர்மணலில், பெரும்பாலும் வீட்டு இறவாணத்தின் கீழும் திண்ணையோரத்திலும், பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி நகர்ந்து கூம்பு வடிவக் குழியைப் பறித்து, அதன் அடியில் புதைந்து கிடக்கும். அரிவாள்போல் வளைந்த இரு தாடைகள் மட்டும் மேலே தெரியும். எறும்பு வழுக்கி விழுந்தால் தாடைகளால் பற்றும். ஏறித் தப்ப முயன்றால் தலையால் மணலை வாரி எறிந்து சரியச்செய்யும். முதிர்ந்தபின் மணலும் பட்டிழையும் சேர்த்து உருண்டைக் கூடு கட்டி, அதிலிருந்து தும்பியைப் போன்ற மெல்லிய உருவில் வெளிப்படும். மண்ணில் குழி பறித்ததும் மாலை வெளிச்சத்தில் தள்ளாடிப் பறப்பதும் ஒரே உயிர் என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அறிவதில்லை; பெரியவர்களும் அப்படியே.

இப்பூச்சிக்கு ஆனையின் பெயர் எவ்வாறு வந்தது என்பதை உருவத்திலிருந்தும் செயலிலிருந்தும் ஊகிக்கலாம். பருத்த உடல், முன்னே நீண்ட இரு தாடைகள், மணலை வாரி எறியும் பழக்கம். ஆனை தன் முதுகில் மண் வாரிப் போட்டுக்கொள்வதைக் கண்ட கண்கள் பெயரிட்டிருக்கக்கூடும். அவ்வாறாயின் பிள்ளைகளின் குழியானையும் ஒரு கொம்பனே என்பது நினைக்கத்தக்கது. தாய் வலியுறுத்திய அடைமொழி இங்கும் பொருந்துகிறது. கேரளக் காடுகளில் ஆனை பிடிக்கக் குழி வெட்டும் வழக்கம் இருந்தது. கோன்னி அதற்குப் பெயர்பெற்ற இடம். ஆனைக்குழி என்பது ஆனைக்கான குழி; குழியானை என்பது குழியில் வாழும் ஆனை. ஒரே இரு சொற்கள் இடம் மாறி நிற்க, விழுந்தது வீழ்த்துவதாகிறது. வழக்கில் வீழ்ந்த குடும்பத்தின் கதைக்கு இத்தொகைச்சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிற மொழிகள் இதே பூச்சியை வேறு விலங்குகளாகக் கண்டன. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அது எறும்புச் சிங்கம். தமிழில் குழியானையோடு குழிநரி என்ற பெயரும் வழங்குகிறது. பதுங்கியிருந்து பாய்வதால் நரி. ஜப்பானிய மொழி விலங்கையே விட்டுவிட்டு, எறும்பின் பக்கம் நின்று 'எறும்பு நரகம்' என்கிறது.

எறும்புச் சிங்கம் என்ற பெயரின் வரலாறு மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டிய ஒன்று. எபிரேய வேதாகமத்தின் யோபு நூல், நான்காம் அதிகாரம், பதினோராம் வசனத்தில் சிங்கத்தைக் குறிக்கும் அருஞ்சொல் ஒன்று வருகிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதை 'மிர்மெக்கோலியோன்', அதாவது எறும்புச் சிங்கம், என்று எழுதினர். பின்வந்த உரைகாரர்களுக்கு அவ்விலங்கு எதுவென்று விளங்கவில்லை. விலங்குகளின் இயல்பை அறநோக்கில் விளக்கும் 'ஃபிசியோலோகஸ்' என்ற பழைய கிரேக்க நூல், சிங்கத் தந்தைக்கும் எறும்புத் தாய்க்கும் பிறந்த ஓர் உயிரைக் கற்பித்தது. தந்தையின் இயல்பால் அதனால் தாவரம் உண்ண இயலாது. தாயின் இயல்பால் இறைச்சி உண்ண இயலாது. ஆதலால் அது பட்டினியால் மடியும். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் அதே இடத்தில் புலியை வைத்தார். தமிழ் வேதாகமம் கிழச்சிங்கம் என்கிறது. ஒரு சொல் பிழைபடப் பெயர்க்கப்பட்டதால் உலகில் இல்லாத விலங்கொன்று நூற்றாண்டுகள் உயிர்வாழ்ந்தது. குஞ்ஞுத்தாச்சும்மாவின் ஆனைக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. உண்மையில் வாழ்ந்து மடிந்த விலங்கு, பெயர்க்கப்பட்டபோது முற்றத்து மணலில் இன்றும் உயிரோடுள்ள ஒன்றாயிற்று.

ஆங்கிலத்தில் பெயர்ப்பவருக்கு உள்ள இக்கட்டு இப்போது தெளிவாகும். பூச்சியின் ஆங்கிலப் பெயரை இட்டால் ஆனை போய்ச் சிங்கம் வந்துவிடும்; தலைப்புக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆனையைக் காக்க வேண்டின் ஆங்கிலத்தில் இல்லாத பூச்சிப்பெயரைப் படைக்கவேண்டும். அப்போது பிள்ளைகளின் அன்றாடச் சொல் புலவரின் புதுச்சொல்லாகிவிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இத்தொல்லை இல்லை. தென்தமிழகத்தில் குழியானை பிள்ளைகளின் வாயிலேயே உள்ளது. நல்வாய்ப்பாக வாய்த்த இதை, நரி என்றோ பூச்சி என்றோ பொதுமைப்படுத்தி இழப்பது தகாது.

திருத்தப்படாத ஒலி

மூலத்தின் பேச்சில் இன்னொரு சிக்கல் உள்ளது. அம்முஸ்லிம் வழக்கில் ழகரம் யகரமாகும். வகர முதல் பலவிடங்களில் குரலொலிப் பகரமாகும். மழை 'மய' ஆவதுபோலக் குழியான 'குய்யான' என ஒலிக்கும். குழி என்னும் முதற்பகுதி தேய்ந்து, ஆன என்னும் பிற்பகுதி முழுமையாக நிற்கிறது. எள்ளலின் சுமையைத் தாங்கும் 'குழி' ஒலியளவில் பாதி மறைய, ஆனை ஆனையாகவே கேட்கிறது. பிள்ளைகள் அதை மட்டம் தட்டவில்லை என்னும் வாசிப்புக்கு ஒலியியலும் துணைநிற்கிறது எனலாம்.

தமிழ்க் கிளைமொழிகளில் இதற்கு நேரான வடிவம் தேடுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ழகரத்தை யகரமாக்கும் வழக்கு சென்னைப் பக்கத்துப் பேச்சுக்குரியது. அதைக் கையாண்டால் குஞ்ஞுப்பாத்தும்மாவின் வீடு வடசென்னைக்கு இடம்பெயர்ந்துவிடும். தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாகும்; 'குளியானை' என எழுதினால் குளிக்கும் ஆனை கண்முன் வந்துவிடும். இவ்விடத்தில் மட்டும் எழுத்துமொழி வடிவமான 'குழியானை'யே பாதுகாப்பானது. கிளைமொழியை எல்லா இடத்தும் ஒலிபெயர்ப்பதே நேர்மை என்னும் கொள்கை இங்கு உதவாது.

இந்நாவலை ஆங்கிலமாக்கியவர் எடின்பரோப் பல்கலைக்கழக மொழியியலறிஞர் ஆர். இ. ஆஷர் (1926–2022). தமிழுக்கு 1982இல் ஓர் இலக்கண விளக்கமும், டி. சி. குமாரியுடன் இணைந்து மலையாளத்துக்கு 1997இல் மற்றொன்றும் அளித்தவர் அவர். 1980இல் வந்த அவருடைய மொழிபெயர்ப்பின் தலைப்பு 'மீ கிராண்ட்டாட் ஆட் அன் எலிஃபண்ட்'. ஹகர ஒலி கெட்ட வினையும், 'மை' என்பதற்குப் பதிலான 'மீ'யும் மூலத்தின் தேய்ந்த ஒலிகளுக்கு ஈடாக வைக்கப்பட்டவை. துணிவான தீர்வு இது. ஆனால் ஆங்கிலத்தில் ஹகரக் கேடு உழைக்கும் வகுப்பாரின் அடையாளம். குஞ்ஞுத்தாச்சும்மாவின் பேச்சோ பழஞ்செல்வக் குடும்பத்தின் பேச்சு. அவள் திருத்தமற்றுப் பேசுவது வறுமையால் அன்று; அதுவே அவளுக்குத் திருத்தமான பேச்சு. ஆயிஷா குஞ்ஞுப்பாத்தும்மாவின் உச்சரிப்பைக் கேலிசெய்து எழுத்து கற்பிக்கும் பகுதிகளில் இவ்வேறுபாடு கூர்மையடைகிறது. அங்கே மொழிச் செம்மையும் சமூகச் சீர்திருத்தமும் ஒன்றாகவே வருகின்றன. பஷீர் சீர்திருத்தத்தின் பக்கம் நிற்கிறார். ஆயினும் நூலின் பெயரை அவர் ஆயிஷாவின் மொழியில் வைக்கவில்லை.

அட்டையும் ஆடும்

ஆனையைக் கேட்டு வளர்ந்த குஞ்ஞுப்பாத்தும்மா நேரில் கண்டு பழகும் உயிர்கள் மிகச் சிறியவை. குளத்தில் அட்டை ஒன்று அவள் குருதியைக் குடிக்கிறது. அவள் அதைக் கொல்லாமல் நீரில் விட்டுவிடுகிறாள். மீன் ஒன்று அதை விழுங்குகிறது. பிறிதோரிடத்தில் குருவியொன்றைக் காக்கப்போய் அவளே விழுந்து அடிபடுகிறாள். இவ்விடங்களில் பஷீரின் நடை அடைமொழிகளைத் துறந்துவிடுகிறது. ஆனைக்குப் 'பெரிய' என்றும் 'கொம்பன்' என்றும் தவறாமல் அடை சேர்ந்த நூலில், அட்டை வெறும் அட்டையாக இருக்கிறது. பெருமைக்கும் அருவருப்புக்கும் இடமின்றி ஓர் உயிரை ஏற்கும் பயிற்சி அவளுக்கு நாவலின் முடிவுக்கு முன்பே வாய்த்துவிட்டது. தாய்க்கு அது வாய்க்கவில்லை.

1954இல் எழுதி 1959இல் வெளியிட்ட 'பாத்தும்மாயுடெ ஆடு' நூலில் பஷீர் இப்போக்கை முழுமையாக்கினார். அதில் வரும் ஆடு எந்த ஒழுங்குக்கும் அடங்காதது; ஆசிரியரின் 'பால்யகாலசகி', 'சப்தங்ஙள்' ஆகிய நூல்களின் படிகளையே தின்றுவிடுகிறது; போர்வையையும் விட்டுவைப்பதில்லை. வீடு நிறையப் பிள்ளைகள். ஆட்டைத் திருத்த எவரும் முனைவதில்லை. அதற்குப் பெயரிடவும் யாருக்கும் தோன்றவில்லை. அது பாத்தும்மாவின் ஆடு, அவ்வளவே. தமிழில் இந்நூலைப் பெயர்ப்பவர் செல்லப்பெயர் ஒன்றைச் சூட்டும் ஆசையையும், 'குறும்புக்கார', 'பொல்லாத' போன்ற அடைகளைச் சேர்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளவேண்டும். சிறுவர் பதிப்புகளில் விலங்குகளுக்கு அடைமொழி பெய்யும் பழக்கம் தமிழில் வேரூன்றியது; சுட்டி முயல், குண்டு யானை, தந்திர நரி என்று ஒவ்வொன்றும் ஒரு குணத்தின் கூலியாளாகிவிடும். யகரத்தை என்றோ உதிர்த்துவிட்ட ஆடு இத்தகைய அணிகளின்றியே நிற்கத்தக்கது.

அதே எச்சரிக்கை குழியானைக்கும் உரியது. நாவலின் இறுதியைத் தமிழில் திரும்பச் சொல்பவர் அறியாமலேயே சேர்த்துவிடக்கூடிய சொல் 'வெறும்' என்பது: 'அது வெறும் குழியானை' என்று. ஒரு சொல்தான்; ஆனால் அது பிள்ளைகளின் வாயிலிருந்து தீர்ப்பைப் பறித்துப் பெரியவர் வாயில் வைத்துவிடுகிறது. 'தான்' என்னும் இடைச்சொல்லும் இரு பக்கமும் வெட்டும்: 'குழியானைதான்' என்றால் உறுதியும் ஆகலாம், இளக்காரமும் ஆகலாம், ஓசையே பொருளை முடிவுசெய்யும், அச்சில் ஓசை இல்லை. எழுவாயும் பெயர்ப்பயனிலையும் மட்டும் கொண்ட இரண்டு சொல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும் தமிழில், தாயின் செவிக்கு அது வசையாகவும் பிள்ளைகளின் செவிக்கு ஒரு பூச்சியின் பெயராகவும் ஒரே வேளையில் கேட்கும்.